காற்றுக்காக லீவு போட்டவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் காய்ச்சலுக்கு லீவு போட்டவர்கள் உண்டு, கல்யாணத்துக்குப் போட்டவர்கள் உண்டு. காற்றுக்காக லீவு போட்ட ஒரே மனிதர் எங்கள் ‘காத்து சார்’தான். அவருடைய நிஜப்பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் எனக்கு சீனியர். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், அங்கே கடலில் விங் ஃபாயிலிங் கற்றுக்கொண்டு, சாமான்களோடு திரும்பிவந்தார். கையில் பிடித்துக்கொள்ளக் காற்றடைத்த பெரிய இறக்கை. நிற்பதற்கு ஒரு பலகை. பலகைக்கு அடியில், தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட தண்டும் அதன் நுனியில் சின்ன இறக்கையும். காற்று நன்றாக வீசினால் பலகை தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும். வீசினால்.

அந்தப் பலகையும் காற்றடைப்பதுதான். எந்த நிமிடமும் கிளம்பவேண்டியிருக்கும் என்று அதை உப்பிய நிலையிலேயே ஹாலில் போட்டிருந்தார். விருந்தாளிகள் அதில்தான் உட்காருவார்கள்.

அடுத்த மாதம் சாருக்கு ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெளியூரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போகவேண்டும். அவர் மனைவி சரோஜா அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்:

“இது எழும்புறத ஒரு வாட்டி என் கண்ணால பாத்துட்டா, இதுவும் கூட வரட்டும். இல்லன்னா யாருக்காவது குடுத்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மூவரும் என் காரில் பெருமாள் ஏரிக்குப் போனோம். சுரங்கத்தில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டோடு சார் தண்ணீரில் இறங்கினார். தூரத்தில் தண்ணீர் சிலிர்த்தது. பலகையில் தாவி ஏறி நின்றார், இறக்கை விறைத்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதோடு காற்று நின்றுவிட்டது. இறக்கை ஈரத்துணிபோல் அவர் தலையில் கவிழ்ந்தது.

இப்படிப் பதினைந்து முறை. காற்று குறைவாக இருந்தால் குதித்துக் குதித்துப் பலகையை எழுப்பவேண்டுமாம். குதித்தார். கரையில் எருமை மேய்த்த அம்மாள், அவருக்குக் காலில் ஏதாவது கடித்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தாள். மீன்பிடிக்கும் ஒருவர் தெர்மகோல் மிதவையில் உட்கார்ந்தபடி, கையாலேயே துழாவிக்கொண்டு, சாவகாசமாக அவரை முந்திப்போனார். போகிறபோக்கில், கயிறு போட்டு இழுக்கட்டுமா என்று கேட்டார்.

“வேணாம்பா. காத்து வந்துகினே இருக்குது” என்றார் சார்.

மதியத்துக்குள் ஏரியின் மறுமுனைக்கு மிதந்துபோய், அங்கிருந்து சேற்றில் நடந்தே திரும்பினார். அக்கா எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்.

நாலு மணிக்குக் கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தது. இந்தமுறை முழு ஏரியும் சிலிர்த்தது. சார் ஓடினார், ஏறினார், இரண்டு குதி குதித்தார். பலகை தண்ணீரைவிட்டு ஒரு முழம் மேலே வந்தது. சத்தமே இல்லை. மஞ்சள் ஹெல்மெட் அந்தரத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் செருப்போடு முழங்கால் தண்ணீரில் நிற்பதையே அப்புறம்தான் கவனித்தேன்.

பத்து விநாடி இருக்கும். காற்று அறுந்தது, சார் தொப்பென்று விழுந்தார். திரும்பிப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார், சாதக்கரண்டியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி.

சார் மூச்சுவாங்கக் கரையேறினார். “முழுசா காட்ட முடியல சரோ” என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி, சாமான் ஏத்துற லாரில இத நிறுத்தி வெச்சா ஒண்ணும் ஆவாதில்ல?”

சாருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும், வாயெல்லாம் பல்லாக, இன்னொரு காற்று வரும், இருந்து பார்க்கலாம் என்றார். அக்காவும் சரியென்று பாயை விரித்தார்.

பொழுது சாயும்வரை காத்திருந்தோம். ஒரு இலைகூட அசையவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அடுத்த மாதம் ஊரைவிட்டுப் போகப்போகிற மனிதர் பக்கத்தில், இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கக் கிடைத்ததே.