ஜிகினா பாயின் கிளிப்பச்சைக் கோட்டு

நியூ ஜெர்சியின் பனிக்காலத்தைத் தாக்குப்பிடித்த தமிழர்கள் எல்லோரும் ஒரே ஒருவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஹீட்டரைக் கண்டுபிடித்தவருக்கு அல்ல, ஜிகினா பாய்க்கு.

நான் சொல்வது 2002, 2003 வாக்கில். பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட் வளாகத்தில் குடியிருந்தோம். டிசம்பர் பிறந்தால் வானம் சாம்பல், ரோடு சாம்பல், பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்க ஓடும் நம் ஆட்கள் போட்டிருக்கும் ஜாக்கெட் எல்லாம் கறுப்பு. அதற்கு நடுவே கிளிப்பச்சை மஃப்ளர், ரத்தச் சிவப்புக் குல்லா, மயில்நீலக் கையுறை சகிதம் ஒருவர் காரின் மேலிருக்கும் பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அவர்தான் பாய். வளாகத்துக் கார்கள் மொத்தமும் பனியில் புதைந்து, எது யாருடையது என்று தெரியாமல் என்ஜினியர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு நிற்கும்போது, பாய் மட்டும் நேராகத் தன் காருக்குப் போவார். ஆன்டெனாவில் ஜிகினா ரிப்பன் கட்டி வைத்திருப்பார்.

எனக்கு அப்போது கணவரை ஒட்டிக்கொண்டு வந்த விசா. வேலை பார்க்கக்கூடாது. அதனால் மற்றவர்களை வேடிக்கை பார்ப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது. பாய் எனக்கு ஓவர்டைம் கொடுத்தார்.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆள். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலைப் புதிய கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. கன்வெர்ஷன் என்பார்கள். அதில் அவர் புலி என்று என் கணவரே சொல்லியிருக்கிறார். என் கணவர் சாதாரணமாக யாரையும் எலி என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டார். பாயின் மனைவி நஸீமா அக்கா டேகேரில் டீச்சர். குழந்தைகளை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொன்று.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது டி.வி.யைப் பார்த்துப் பதறிப்போனேன். செய்தி வாசிக்கும் அமெரிக்கப் பெண்ணின் முகம் குங்குமத்தை அப்பின மாதிரி இருந்தது. அவள் பின்னாலிருந்த வெள்ளை மாளிகையும் லேசாகச் சிவந்திருந்தது.

"பாய், கலர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணட்டுமா?" என்று ரிமோட்டை எடுத்தார் என் கணவர்.

"வெச்சிருங்க தம்பி! கலரைக் கொறைக்காதீங்க. நான் பல வருஷம் பட்டினி கிடந்தவன்."

"ஆரம்பிச்சாச்சு" என்று நஸீமா அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போயிருந்தது. எனக்கு அதுதான் முதல் தடவை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாய் பாப் பாடகராக இருந்திருக்கிறார். மண்ணடியில் வீடு. வாப்பாவுக்குத் தெரியாமல் கிடார் கற்றுக்கொண்டு, தாமே ஒரு பாட்டுக் கட்டி, மெட்ராஸ் டி.வி.யில் இளைஞர்களுக்கான நிகழ்ச்சியில் பாட வாய்ப்பும் வாங்கிவிட்டார். "ஷபாபா ஷிபாபா, ஷோக்குக் கிளியே வாவா" என்று தொடங்கும் பாட்டு. எங்கே முடியும் என்று கேட்காதீர்கள், முடியவே முடியாது. மேடையில் போடத் துணி வேண்டுமே? அவருடைய லாத்தா, அதாவது அக்கா, பர்மா பஜாரில் கிளிப்பச்சை சாட்டின் வாங்கி, எலுமிச்சை மஞ்சள் காலர் வைத்து, இரண்டு கையிலும் ஜிகினா கோத்து ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தார். தெருவில் இருந்த ஒரே டி.வி.க்கு முன்னால் தெருப் பெண்கள் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, "என் தம்பி வர்றான், கலரைப் பாருங்கடி!" என்று வேறு சொல்லிவிட்டார்.

பாய் வந்தார், சாம்பல் கலரில். அந்தக் காலத்து டி.வி. கறுப்பு வெள்ளை என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் இவ்வளவு பளபளப்பான கோட்டுக்கு முன்னால் டி.வி. கொஞ்சமாவது இறங்கி வரும் என்று நம்பியிருக்கிறார்கள்.

"தெருப் பொம்பளைங்க சிரிச்சாங்க தங்கச்சி. 'கழுவாத ஸ்லேட்டு மாதிரில்ல இருக்கான் உன் தம்பி'ன்னாங்க. லாத்தா நேரா வீட்டுக்கு வந்தாங்க. ஊசியை எடுத்தாங்க. 'கலர் பத்தலடா தம்பி'ன்னாங்க."

இரண்டாவது வாய்ப்பு வந்தபோது கோட்டில் சிவப்புச் சுருக்கு, ஊதா ரிப்பன், ஆரஞ்சுப் பொத்தான் எல்லாம் ஏறியிருந்தன. ஸ்டூடியோவில் கேமராக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்திருக்கிறார். "ஏன் சார் இவ்ளோ கஷ்டப்படுறீங்க? எல்லாம் கருப்பு வெள்ளையாத்தான் தெரியும்." அதற்குப் பாய் சொன்ன பதில்: "கலர் இல்லாம எனக்குப் பாட்டு வராது சார்."

அந்தத் தடவை சாம்பலோடு கொஞ்சம் கருஞ்சாம்பலும் தெரிந்ததாம், அவ்வளவுதான். பிறகு வீடு வீடாகக் கலர் டி.வி. வந்தபோது பாய் சவுதியில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தார். லாத்தா அதற்கப்புறம் தெருவில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்றைக்காவது ஒரு நாள் அவருடைய டி.வி.யில், அதே தெருப் பெண்களுக்கு முன்னால், கலரில் வந்துவிட வேண்டும். பாயின் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை இதுதான். கிரீன் கார்டுக்குக்கூட அவர் இவ்வளவு தவித்ததில்லை.

எங்கள் ஊரில் பொங்கல் எந்த மாதமும் வரும். பள்ளிக்கூட ஹால் என்றைக்குக் காலியோ, அந்தச் சனிக்கிழமை பொங்கல். அந்த வருஷம் பிப்ரவரிக் கடைசியில் வந்தது. என் கணவர் புதிதாக வீடியோ கேமரா வாங்கியிருந்ததால் விழாவைப் படமெடுக்கும் பொறுப்பு அவருக்கு. இதைக் கேள்விப்பட்டதும் பாய் நேராகத் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன். வேடிக்கை என் தொழில் அல்லவா?

"பாய், இது கலாச்சார விழா. இதுல பாப் எல்லாம் எப்படி அலவ் பண்றது?" என்றார் செயலாளர்.

"சார், தை மாசப் பொங்கலை மாசில வெக்கிறீங்க. அதையே அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்ட கலாச்சாரம் என்னை அட்ஜஸ்ட் பண்ணிக்காதா?"

செயலாளர் யோசித்தார். "கோலாட்டப் பசங்க டிரஸ் மாத்துற கேப்ல பாடிக்குங்க. ஒரே பாட்டு. கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா உடனே நிறுத்திடணும்."

அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் கோட்டு மாட்ட முடியவில்லை. கோட்டு அதே அளவில் இருந்தது, பாய் இல்லை. பொத்தானுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண் பனியன் தெரிந்தது. "இந்த மூட்டையைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று கத்திய நஸீமா அக்கா, மறுநாள் தன்னுடைய ரோஸ் கலர் துப்பட்டாவை வெட்டி, கோட்டின் இரண்டு பக்கமும் பிரித்து ஒட்டுக் கொடுத்திருந்தார். கேட்டால், "வயித்தைக் காட்டிக்கிட்டு மேடை ஏறினா எனக்குத்தானே அசிங்கம்" என்றார். தையலைப் பார்த்தேன். அசிங்கத்துக்குப் பயந்து தைத்த தையல் அவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

விழா அன்று பாய் மேடை ஏறினார். எனக்குப் பின் வரிசையில் ஒரு பையன், "அம்மா, ஈஸ் ஹி ஃபார் ரியல்?" என்று கேட்டான். பாய் ஒரு காலை முன்னால் வைத்து, ஜிகினாக் கையை மேலே தூக்கி, "ஷபாபா!" என்றார். அவ்வளவுதான். இரண்டாவது "ஷிபாபா"வுக்குக் குழந்தைகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். மூன்றாவதுக்கு அவர்களை இறக்கப்போன அப்பாக்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோலாட்டப் பிள்ளைகளின் பாவாடை மூட்டையை யாரோ காரிலேயே வைத்துவிட்டு வந்துவிட, செயலாளர் மேடை ஓரத்திலிருந்து கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "நிறுத்தாதீங்க பாய்! கன்டினியூ பண்ணுங்க!" முடியவே முடியாத பாட்டு என்று சொன்னேனே, சங்கத்தின் மானத்தை அன்று அதுதான் காப்பாற்றியது.

என் கணவர் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் அவருடைய கட்டைவிரல்தான் கதாநாயகன். அதனால் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கிளிப்பச்சை கிளிப்பச்சையாக, ஆரஞ்சு ஆரஞ்சாக, கண் கூசும்படி வந்திருந்தது. பாய் என் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெரிய கேசட்டில் பிரதி எடுத்து, சென்னைக்குப் போகிற ஒருவரின் பெட்டியில், சாக்லேட்டுக்கும் பாதாமுக்கும் நடுவில் வைத்து அனுப்பினோம்.

லாத்தா கேசட் போட்டுப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பாய் வீட்டில் பிரியாணி. இங்கே காலை, அங்கே சாயங்காலம். போன் கார்டைத் தேய்த்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பாய் சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"லாத்தா, கேசட் போட்டியா? பொம்பளைங்கல்லாம் வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்கடா. உட்கார எடமில்ல. நல்லாப் பாடினே தம்பி. படம்தான் கொஞ்சம் குதிச்சுது."

"கலர் எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு!"

பாய் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்தத் தடவையும் கருப்பு வெள்ளையாத்தான்டா வந்தே" என்றார் லாத்தா.

பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அமெரிக்க கேசட் ஒரு முறை, இந்திய கேசட் வேறு முறை. மாற்றாமல் போட்டால் பழைய டெக்கில் படம் வந்தாலும் நிறம் வராது. இந்தியாவிலிருந்து கொண்டுவரும் கல்யாணக் கேசட்டை மளிகைக் கடையில் கொடுத்து கன்வெர்ட் பண்ண வேண்டும் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இங்கிருந்து போவதையும் அப்படி மாற்ற வேண்டும் என்பது, பாய் வீட்டில் கூடியிருந்த இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கன்வெர்ஷன் புலிக்கே தோன்றவில்லை!

"லாத்தா, அந்த கேசட்டைத் தூக்கிப் போடு. நான் கன்வெர்ட் பண்ணி வேற அனுப்புறேன். பொம்பளைங்க மறுபடி சிரிச்சாங்களா?" என்றார் பாய்.

"சிரிக்க விடுவேனாடா? பாட்டு முடியுற வரைக்கும் டி.வி. பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். இது கிளிப்பச்சை, இது எலுமிச்சை, இது ஊதா ரிப்பன்னு. தச்சவ எனக்குத் தெரியாதா? அன்னிக்கும் நான் உன்னைக் கலர்லதான்டா பார்த்தேன், இன்னிக்கும் கலர்லதான் பார்த்தேன்."

லாத்தாவே தொடர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சொல்லத் தெரியாம முழிச்சேன். இடுப்புகிட்ட ஒட்டுப் போட்டிருக்கே, அது நான் தச்சதில்லையே. அது என்ன கலர்டா?"

பாய் திரும்பி நஸீமா அக்காவைப் பார்த்தார். கையில் பிரியாணிக் கரண்டியோடு அவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ரோஸ், லாத்தா" என்றார் பாய். "நஸீமா தச்சது."

"நல்லா இருக்குடா" என்றார் லாத்தா, அப்போதுதான் பார்த்தவர் போல.

நஸீமா அக்கா கரண்டியோடு உள்ளே போனார். அன்றைய பிரியாணியில் அக்கா இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தார். நாங்கள் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

பாய் குடும்பம் பிறகு டெக்சாஸ் பக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டு டி.வி.யில் இப்போதும் எல்லோர் முகமும் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். அதைக் குறைக்க என் கணவர் ரிமோட்டைத் தேடுவார். அது என் தலையணைக்கு அடியில் இருக்கும்.