ஊருக்கு வரன் பார்ப்பவர்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் ஓர் இனம் உண்டு. தம் ஊருக்குக் குடிவர ஆள் தேடிக்கொண்டே இருப்பதால், ஊருக்கு வரன் பார்ப்பவர் என்று அவருக்குப் பெயர் வைக்கலாம். வேலை எங்கே கிடைத்ததோ அங்கே பெட்டியை இறக்கியவர்தான். ஆனால் பேச்சைக் கேட்டால், உலக உருண்டையை உருட்டி உருட்டிப் பார்த்துத் தாமே பொறுக்கியெடுத்த ஊர் என்று நினைப்பீர்கள். விமான நிலையத்தில் விருந்தாளியின் பெட்டி வந்துசேர்வதற்குள், அந்த அப்பாவிக்கு ஊரின் கிட்டத்தட்ட முந்நூறு வருஷ வரலாற்றையும் கரைத்துப் புகட்டிவிடுவார்.

டெக்சாஸில், சான் அன்டோனியோவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கந்தசாமி இந்த இனத்தில் முதல் ரகம். அவர் காட்டும் ஊர் வரிசை மாறவே மாறாது. முதலில் அலமோ கோட்டை. அங்கே நடந்த முற்றுகையை மதில்மேல் தாமே நின்று பார்த்த மாதிரி ஒரு வர்ணனை, அப்புறம் ஆற்றங்கரை நடைபாதை, அப்புறம் ஸ்பெயின் பாதிரியார்கள் கட்டிய பழைய மாதா கோயில்கள், கடைசியில் அவர்கள் காலத்தில் வெட்டிய வாய்க்கால். அதில் இன்னமும் தண்ணீர் ஓடுகிறது! கந்தசாமிக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம். வாய்க்காலைக் கண்டால் கண் கலங்கிவிடும். விருந்தாளிக்குப் பசி மயக்கத்தில் கலங்கும்.

"நாட் த கெனால் அகெய்ன், அப்பா!" என்பாள் பின் சீட்டிலிருந்து மகள் வெண்பா.

இத்தனைக்கும் பலன்? வந்தவர்களெல்லாம் "பியூட்டிஃபுல் சிட்டி" என்று கைகுலுக்கிவிட்டுப் போய், அதே டெக்சாஸில் நம்மவர்கள் மொய்க்கும் பிளானோவில் வீடு வாங்கினார்கள்.

அவர் மனைவி வசந்தாமணிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, வாய் தொறந்து பேச ஒரு ஆளில்லாம இங்க எத்தன நாளைக்கு உக்காந்திருக்கறது? பத்மநாபன் வீட்லயாவது வந்தாப் பாக்கலாம். இல்லீன்னா சம்மர்ல நாமளும் பிளானோவுக்கே மூவ் பண்ணிரலாம்."

கந்தசாமி அன்றைக்கே பத்மநாபனுக்குப் போன் போட்டார். ஏனென்றால், சவடாலெல்லாம் ஒருபுறம் இருக்க, அந்த ஊர்மேல் மனுஷனுக்கு உண்மையாகவே உயிர். திருவிழா ஊர்வலம் பார்க்கக் குஞ்சு குளுவானோடு தெருவோரம் நாற்காலி போட்டு இடம் பிடிக்கும் ஜனம் அமெரிக்காவில் வேறு எங்கே இருக்கிறது? அதை விட்டுவிட்டு பிளானோவில் காசு கட்டி டோல்வேயில் வண்டி ஓட்டப் போவதா?

பத்மநாபன் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர், அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் பார்சிப்பனிவாசி. அவருக்கு இங்கேயும் வேலை தயார், கலிபோர்னியாவில் பிளசன்டனிலும் தயார். எது என்று முடிவு செய்ய மனைவி ருக்மிணியோடு வந்து இறங்கினார். தொண்ணூற்றெட்டு ஏப்ரல், ஊரே ஃபியெஸ்டா திருவிழாவில் இருந்தது. ருக்மிணி கேக்கைக்கூட முட்டை உண்டா என்று விசாரிக்காமல் தொடாதவர்.

கோட்டை ஆயிற்று, ஆறு ஆயிற்று, வாய்க்காலும் ஆயிற்று. ருக்மிணி கொட்டாவி விட்டார். "பிளசன்டன்ல கிளைமேட் சூப்பராம். கோயிலும் பக்கத்துலயே இருக்காம்" என்றார் பத்மநாபன்.

பதறிப்போன கந்தசாமி, டெக்சாஸை மாறி மாறி ஆண்ட ஆறு அரசுகளின் கொடிகளைப் பற்றி ஆரம்பித்தார். திருவிழாக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது மூன்றாவது கொடியில் இருந்தார். அந்த வேகத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். உள்ளே இருப்பதைக் கொட்டிக் கழுவிய முட்டை ஓட்டில் வண்ணக் காகிதத் துணுக்குகளை அடைத்து, ஃபியெஸ்டாவில் எதிர்ப்படுகிறவர் தலையில் உடைப்பார்கள். அதிர்ஷ்டமாம்!

யாரோ ஒரு மெக்சிகன் அம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். ருக்மிணியின் உச்சந்தலையில் டப்!

"ஐயையோ, முட்டை! ஏன்னா! தலையெல்லாம் வழியறதே!"

வழிந்தால்தானே? ருக்மிணி கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்துகிறார். அந்த அம்மாள் பயந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டு சாரி, சாரி என்று தலையைத் துடைத்துவிடுகிறார். கந்தசாமியோ மூன்றாவது கொடியை அந்தரத்தில் விட்டுவிட்டார். தொலைந்தது சான் அன்டோனியோ என்று நின்றார்.

"ஏனுங்க, வாய்க்காலப் பத்தி அத்தன சொன்னீங்க, இதச் சொல்லக் கூடாதுங்களா?" என்றார் வசந்தாமணி.

ருக்மிணி மெள்ளக் கண்ணைத் திறந்தார். புடவையெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் காகிதம். அந்த அம்மாள் சமாதானமாக ஒரு முட்டையை நீட்டினார். ருக்மிணி அதைத் தயங்கித் தயங்கி வாங்கினார், சுற்றுமுற்றும் பார்த்தார், நேரே வந்து கந்தசாமியின் வழுக்கையில் உடைத்தார்.

"ரெண்டு நாளா ஹிஸ்டரி லெக்சர் குடுத்தேளே! மொதல்லயே இங்க கூட்டிண்டு வந்திருக்கப்படாதோ?"

சம்மரில் அவர்கள் அடுத்த தெருவுக்கே குடிவந்தார்கள். வசந்தாமணி பிளானோவை மறந்தார். கந்தசாமி ஜெயித்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

அந்த டிசம்பரில் புதிதாக ஒரு குடும்பம் ஊர் பார்க்க வந்தது. கந்தசாமி உற்சாகமாகக் கிளம்பி வாசலுக்கு வந்தால், தெருவில் பத்மநாபனின் வேன். விருந்தாளிகளை ஏர்போர்ட்டிலிருந்து அவரே பிக்அப் பண்ணி வந்தாயிற்று. "கந்தசாமி, நீங்க பின்னாடி உக்காருங்கோ. கடைசில ஒரு வாய்க்கால் காட்டறேன். நீங்ககூட அதைச் சரியாப் பாத்திருக்க மாட்டேள்!"

"நாட் த கெனால் அகெய்ன்" என்று பின் சீட்டில் ஒரு முனகல் கேட்டது. வெண்பா திரும்பிப் பார்த்தாள். முனகியவர் அப்பா.

சிரிக்கிறீர்களாக்கும். சிரியுங்கள். ஆமாம், தங்களுக்கு எந்த ஊர்? அடடா, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்களே! "எங்க ஊர் அப்படியில்ல சார், நிஜமாவே அங்க…" போதும், போதும். விமான நிலையத்திலிருந்து நான் டாக்சியிலேயே வந்துவிடுகிறேன்.