தீப்பெட்டியில் மூன்று வகை எறும்பு

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான், மகன், மருமகள், பேத்தி, கொல்லைப்புறத்து எறும்புகள் அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்.

இத்துடன் ஒரு தீப்பெட்டி வருகிறது, ஆட்டாமல் திறக்கவும். உள்ளே மூன்று வகை எறும்பு. முப்பது வருடம் விலங்கியல் நடத்திய வாத்தியார் நீங்கள். இவற்றில் உங்கள் அக்கா சர்க்கரை போட்டு வளர்த்தது எது என்று சொல்ல வேண்டும். அவசரம். பேத்தியின் காலில் கடித்துவிட்டது என்று மகன் அடுத்த வியாழக்கிழமை மருந்தடிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டான். "உங்க அம்மா வளத்ததுடா" என்றேன். "அப்ப அதுங்கள மட்டும் காட்டுங்கப்பா, விட்டுடச் சொல்றேன்" என்றான். நியாயமான பிள்ளை. எனக்குத்தான் காட்டத் தெரியவில்லை.

பிடித்த கதையைக் கேளுங்கள். கட்டெறும்பை நான் பிடிக்கப் போக, அது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, உதறியதில் மூக்குக்கண்ணாடி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, அதை எடுக்கத் துவைக்கல் மேல் குப்புறப் படுத்தேன், செவ்வெறும்புகள் கால்சட்டைக்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டன, நான் ஆடிய ஆட்டத்தை வலிப்பு என்று நினைத்து மருமகள் டாக்டரை வரவழைத்துவிட்டாள். "இந்த வயசுல எதுக்குங்க எறும்பு பிடிக்கிறீங்க?" என்றார் அவர். வீங்கிய விரலைக் காட்டினேன். சின்னக் கறுப்பு எறும்பு மட்டும் கடிக்காமல் தானாகப் பெட்டிக்குள் ஏறியது.

தினமும் டீ குடித்ததும் உங்கள் அக்கா துவைக்கல் ஓரம் சர்க்கரை போட்டுவிட்டு, "ஏங்க, நம்ம ஆளுங்க வந்துட்டாங்க, பாருங்களேன்" என்பாள். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்பேன். முப்பத்தாறு வருட "ம்". அவள் போய் மூன்று மாதமாகிறது. இப்போது யாரும் போடுவதில்லை. அவையோ இன்னும் அந்தக் கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகின்றன. எனக்குத் தாங்கவில்லை, மைத்துனரே. ஓர் எறும்புக்கு ஆயுள் எவ்வளவு? அவளைத் தெரிந்தது ஒன்றாவது மிச்சம் இருக்குமா?

தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
விரல் வீங்கிய அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மருந்துக்காரர் ஒரு வாரம் முன்னதாகவே வந்து நின்றார். "எதைங்க விடணும்?" என்றார். "எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பேத்திக்குச் செருப்பு வாங்கச் சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டியையும் கல்லடியில் திறந்துவிட்டேன், ஆகவே அது வராது. மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம். சின்ன வயதில் உங்கள் வீட்டிலும் போடுவாளாமே, இனி நான்தான் போட வேண்டும். சர்க்கரையை ஸ்பூனில் போடுவாளா, கையால் தூவுவாளா என்று மட்டும் எழுதுங்கள். அதையும் நான் பார்த்ததில்லை.