ஓட்டைக் காலணாவும் ஒரு தொட்டிச் சமுத்திரமும்

‘திரும்பி வா’ என்று இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாத காரணத்தால் வங்காள விரிகுடாவை ரயிலில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுவந்தவன் நான். கூச்சக்காரர்கள் அடக்கமானவர்கள், யாருக்கும் தொந்தரவு தராதவர்கள் என்று ஒரு நல்ல பெயர் உண்டு. நம்பாதீர்கள். வாயால் முடிய வேண்டிய காரியத்தை நாங்கள் தலைச்சுமையாகத் தூக்கிப்போய்த்தான் கெடுப்போம்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். அரியலூரில் ஒரு முந்திரி மண்டியில் எனக்கு எடை போடும் வேலை. படிப்பு எட்டாவது. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட, ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு சாமியார் நடத்திய விடுதியில் வளர்ந்தேன். அங்கே பேசினால் அடி விழும். நான் அடியே வாங்காத மாணவன்.

அந்தச் சாமியாரே பார்த்து முடித்துவைத்த பெண் லூர்து. கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரி. வந்த புதிதில் ஒருநாள் சொன்னாள்:

“பொழுது சாஞ்சா இந்த ஊர்ல ஒரு சத்தமும் இல்லீங்க. காதுல பஞ்சு வச்சு அடைச்சாப்ல இருக்கு. எங்கூர்ல அலை பேசிக்கிட்டே கெடக்கும்.”

கணவன் ஏதாவது பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான் “ம்” என்றேன்.

ஆடிக்கு அவள் தம்பி அந்தோணி வந்து தாய் வீட்டுக்கு அழைத்துப் போனான். (வேதக்காரர்களுக்கு ஆடி ஏது என்று கேட்காதீர்கள். மாமியார்கள் எல்லா மதத்திலும் உண்டு.) ஆடி போனது, ஆவணி போனது, ஐப்பசி மழையும் வந்து போனது. லூர்து வரவில்லை.

மண்டியிலிருந்து வந்து விளக்கேற்றிச் சோறு வடித்து, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். வீட்டில் இரண்டு தட்டு இருந்தன. இன்றைக்கு என் தட்டு, நாளைக்கு அவள் தட்டு என்று மாற்றி மாற்றிக் கழுவி வைத்தேன். இரண்டு பேர் சாப்பிடுகிற வீடு போலத் தெரியும் அல்லவா?

அப்படி ஒருநாள் அவள் தட்டைக் கழுவும்போதுதான் அந்த யோசனை வந்தது. அவளுக்குத் தேவை சமுத்திரம். அது இங்கே வந்துவிட்டால் அவளும் வந்துவிடுவாள். (ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்பீர்கள். போடலாம். அதில் என்ன எழுதுவது?)

முதலாளி வீட்டுக் கொல்லையில் ஒரு கண்ணாடித் தொட்டி கிடந்தது. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரின் வீட்டு ஏலத்தில் நாற்காலிகளோடு வந்தது. அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“எதுக்குய்யா இது ஒனக்கு?”

“மீன் வளக்கங்க.”

“வளத்து?”

நான் தரையைப் பார்த்தேன்.

“சரி, நீ எங்க சொல்லப் போற! எடுத்துட்டுப் போ. கோழிய மட்டும் எறக்கி வுட்டுடு.”

இரண்டு பெரிய ஊறுகாய் ஜாடிகளோடு ரயிலேறினேன். குப்பத்துக் கழிமுகத்தில் அந்தோணி முழங்கால் தண்ணீரில் நின்று, வலையில் மடவைக் குஞ்சுகளை அள்ளி ஜாடியில் விட்டான். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளிப் பொடிகள்.

“வூட்டுக்கு வாங்க மச்சான். அக்கா இருக்கு.”

“மீன் செத்துப்போயிடும். ரயிலுக்கு நேரமாச்சு.”

பெண்டாட்டியின் ஊருக்குப் போய், அவள் வீட்டுக் கூரையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மீனோடு திரும்பிய ஒரே மருமகன் நானாகத்தான் இருப்பேன். அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான்.

“கிறிஸ்துமஸுக்கு நானே அக்காவ கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் இதுங்கள உசுரோட வச்சிருங்க, போதும்.”

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஜாடியை மோந்து பார்த்தார். “என்னய்யா இது, சாராயமா?”

“சமுத்திரம் சார்.”

விரலை விட்டு நக்கிப் பார்த்தார். “ஆமாய்யா,” என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

தொட்டியில் விட்டதும் குஞ்சுகள் ஒரே உடம்பாக நீந்தின. ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். ‘நாம் முதலில் திரும்பலாமா, யாராவது ஏதாவது நினைப்பார்களோ’ என்று என்னைப் போல யோசிக்கிற மீன் அதில் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் செழிப்பாக இருந்தன. தவிடு தூவினால் பாய்ந்து தின்றன.

அடுத்த வீட்டுச் செல்லம்மா அக்கா எட்டிப் பார்த்ததிலிருந்துதான் ஆரம்பித்தது.

“தம்பி வூட்டுக்குச் சமுத்திரமே வந்திருக்காம்ல!”

அக்கா கைகூப்பினார். மூன்று விரலால் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஓர் ஓட்டைக் காலணாவை எடுத்துத் தொட்டியில் போட்டார்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் கொள்ளிடத்தைத் தாண்டும்போது காசு போடாமல் தாண்டமாட்டார்கள். ஆற்றுக்கே காசு என்றால், அந்த ஆறு போய்ச் சேருகிற இடத்துக்கு? கடலைக் கண்ணால் பார்க்காத தெரு அது. செய்தி பரவியது. காலணாக்கள் விழுந்தன.

போடாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் போட்டவர்கள் உடனே போய்விடவில்லை. சுவரோரம் உட்கார்ந்தார்கள். “சமைக்கிறியா தம்பி? ஒத்தையாவா கெடக்கிற?” என்று கேட்டார்கள். அந்த வீட்டில் மாதக்கணக்கில் கேட்காத மனிதக் குரல். விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலை, ஒரு குஞ்சு வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. மறுநாள் இன்னொன்று. காயம் இல்லை, புண் இல்லை. பூனை வந்த தடயமும் இல்லை. முந்தின மாலை வரை கூட்டத்தோடு சரியாகத் திரும்பிக்கொண்டிருந்ததுதான்.

“திருஷ்டி,” என்றார் செல்லம்மா அக்கா. மிளகாய் சுற்றிப் போட்டார். சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போனவர் மீன்களுக்காகவும் வேண்டிக்கொண்டு குங்குமத்தோடு வந்தார். முதலாளி நேரில் வந்து பார்த்தார். “ஒன்ன மாதிரியே இருக்குய்யா. உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டு சாவுது.”

ஒரு மீன் செத்தால், மிச்சம் பிழைக்கட்டும் என்று தெருவே வேண்டிக்கொண்டு ஆளுக்கொரு காலணா போட்டது. நானும் ஜெபம் சொல்லிவிட்டுப் போட்டேன். அடியில் கிடந்த காசுகளில் மெல்லப் பச்சை படர்ந்தது. கடல்பாசி வளர ஆரம்பித்துவிட்டது, தொட்டி அசல் சமுத்திரமாகிறது என்று நான் பூரித்துப்போனேன். (இந்த இடத்தில் என் மகள் எப்போதும் சிரிப்பாள்.)

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

கூட்டமாகத் திரும்பிப் பழகிய மீன் தனியாக நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குத் தெரியவில்லை. மூலையில் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு அப்படியே நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. முகம் மழிக்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து தொட்டிமேல் சாய்த்து வைத்தேன். உள்ளே இன்னொரு மீனைக் கண்டதும் அது கிட்டே போனது. அது திரும்பினால் இதுவும் திரும்பியது. நானும் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது. நான்கு பேராகச் சாப்பிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை அதுவும் மிதந்தது. லூர்து வருவது மத்தியானம்.

பேசத் தெரிந்தவன் என்ன செய்வான்? ‘செத்துப்போச்சு’ என்பான். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். இடுப்பளவு சேற்றில் நின்று கெண்டைக் குஞ்சுகளைத் துண்டில் வடித்து, சொம்பில் அடக்கிக் கொண்டுவந்து வைத்தேன். மாட்டுவண்டிச் சத்தம் கேட்டதும் தொட்டியில் கவிழ்த்தேன். வெள்ளியாக மின்னின. மீன் மீன்தானே!

லூர்து வந்தாள். பின்னால் அந்தோணி, மாமனார், அவர்களுக்குப் பின்னால் தெரு. லூர்து நேராகத் தொட்டியிடம் போய்க் குனிந்தாள்.

“எலேய் அந்தோணி, மடவைன்னுதானே சொன்ன?”

“மடவைதாங்க்கா குடுத்தேன்.”

“இது கெண்டைடா.” என்னைப் பார்த்தாள். “ஏரி மீன உப்புத்தண்ணில வுட்டீங்களா?”

நான் “ம்” சொல்வதற்குள் முதல் கெண்டை புரண்டது. அடுத்தது துள்ளிப் புரண்டது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டின. மாமனார் சிலுவை போட்டுக்கொண்டார். செல்லம்மா அக்கா பதறிப்போய், “ஆத்தா காப்பாத்து!” என்று முடிச்சை அவிழ்த்து ஒரு காலணா போட்டார். ‘ப்ளக்.’ கடைசிக் கெண்டையும் சாய்ந்தது.

அந்த அமைதியில்தான் என் வாய் திறந்தது.

“எல்லாம் செத்துப்போச்சு லூர்து. அந்தோணி குடுத்தனுப்புன மாதிரியே வச்சிருந்தேன். தெனம் ஒண்ணு போச்சு. எதுக்குன்னே தெரியல. கடைசி மீனு ஒத்தையா நின்னுச்சு, பாக்க முடியல, கண்ணாடி வச்சேன். அதுவும் காலைல போயிடுச்சு. அலைச் சத்தம்தான் கொண்டாற முடியல, மீனாச்சும் இருந்தா நீ இருப்பேன்னு...”

நிறுத்தத் தெரியவில்லை. அழுதுகொண்டே பேசினேன். சேற்றுத் துண்டால் மூக்கைச் சிந்தினேன். கோழி அடைகாத்ததைச் சொன்னேன், டிக்கெட் பரிசோதகர் நக்கியதைச் சொன்னேன், தட்டு கழுவியதையும் சொன்னேன். முதலில் சிரித்தது தெரு. பிறகு லூர்து.

“இம்புட்டு பேசுவீங்களா நீங்க?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடல் இல்லேன்னா நான் போனேன்? ஊரு வரைக்கும் வந்துட்டு மீனத் தூக்கிட்டுப் போன மனுசன்கிட்ட என்னத்தச் சொல்ல! வாங்க, மொதல்ல கால கழுவுங்க.”

அவள் பிறகு போகவில்லை.

மீன்கள் ஏன் செத்தன என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. மகள் ரசாயனம் படித்துவிட்டு வந்துதான் சொன்னாள்: காலணாவில் இருந்தது செம்பு, கடல் தண்ணீரில் அது கரைந்தால் மீனுக்கு விஷம், நான் பூரித்த பச்சைப் பாசி, செம்பில் ஏறிய களிம்பு. “தெருவே சேந்து வேண்டிக்கிட்டுக் கொன்னுருக்கீங்கப்பா!”

அன்றிலிருந்து, நான் வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது கேட்பார்கள்: “என்ன, அப்பா தண்ணில எவனாச்சும் காசு போட்டுட்டானா?” மாப்பிள்ளை வரைக்கும் கேட்டாயிற்று.

இப்போது மகளுக்குப் பேறுகாலம். துணைக்கு லூர்து அவள் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. புறப்படும்போது, செல்லாத ஓர் ஓட்டைக் காலணாவை எங்கிருந்தோ தேடி எடுத்து என் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சாயங்காலமானா நாலு வூடு போயி பேசிட்டு வாங்க. இல்லேன்னா இத உள்ள போட்டுருவேன், பாத்துக்கங்க.”

காசு வைத்த இடத்திலேயே இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். இன்றைக்கு மழை, தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பேசிவிட்டேன்.