சோழவரத்துக்குப் பதினெட்டடி

தை முதல் தேதியன்று, சர்க்கரைப் பொங்கலின் இரண்டாவது கரண்டிக்கும் மூன்றாவது கரண்டிக்கும் நடுவில், சாரங்கபாணி உலகப் புகழ் அடைவதென்று தீர்மானித்தார்.

"பூமா, மாசி மாசம் சோழவரத்துல மோட்டார் ரேஸ். நான் ஓட்டப் போறேன்."

"இன்னும் கொஞ்சம் நெய் விடட்டுமா?" என்றாள் பூமா.

சாரங்கபாணிக்குத் திருப்பதியில் ஓலைச்சுவடிகளுக்குப் பட்டியல் எழுதும் உத்தியோகம். நாளைக்கு நாலு சுவடி. ஐந்தாவதில் கை வைத்தால் மேலதிகாரிக்குப் படபடப்பு வந்துவிடும். பகலெல்லாம் இப்படி ஆமை வேகத்தில் கழிக்கிற மனிதருக்கு வீட்டுக்கு வந்தால் கால் நிற்காது. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடப்பார். உட்கார்ந்தால் தொடை ஆடும். சாப்பிடும்போது கட்டை விரல் தாளம் போடும். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகள்தான் அவருக்கு மருந்து. இத்தாலிக்காரர் நுவோலாரி ஜெர்மனிக்கே போய், பழைய வண்டியை வைத்துக்கொண்டு, ஒன்பது ஜெர்மன் வண்டிகளைத் தோற்கடித்த கதையைப் பூமாவுக்கு நாற்பது தடவை சொல்லியிருக்கிறார்.

"அப்போ அவருக்கு வயசு நாற்பத்திரண்டு. எனக்கும் நாற்பத்திரண்டு. அவர் சட்டையில தங்கத்தால ஒரு ஆமை குத்திண்டிருப்பார், தெரியுமோ?"

"கூர்மாவதாரம். நம்மளவர்தான் போலிருக்கு."

சாரங்கபாணியிடமும் பழைய வண்டி இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் விட்டுப்போன நாலு சீட் வண்டி. கம்பெனிப் பெயர் எழுதிய தகடு எப்போதோ விழுந்துவிட்டது. துணிக் கூரை. பித்தளை ஹாரன். பத்து மைலுக்கு ஒரு தடவை குடம் தண்ணீர் குடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு குடும்ப விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். பூமா பிறந்த ஊர் நாராயணவனம். தாயார் போனபிறகு கடைசித் தங்கை வேங்கடலக்ஷ்மிக்குத் தலை பின்னி, சாதம் ஊட்டி வளர்த்தவள் பூமாதான். வீட்டை இப்போது நிர்வகிப்பவன் தம்பி தோதாத்ரி. ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பேசி முடிக்க டெல்லியிலிருந்து ஒரு பெரியவர் வந்துபோனாரே, அந்தச் சமயம் தோதாத்ரி, 'எங்கள் ஊர் சென்னைப் பக்கம் வரவேண்டும்' என்று ஒரு மனு எழுதி, கையெழுத்துக்காக அக்கா புருஷர் சாரங்கபாணி அத்திம்பேருக்கு அனுப்பினான். அத்திம்பேர் கையெழுத்துப் போடவில்லை. சிவப்பு மசியால் பதினேழு பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பினார்.

தோதாத்ரி பதில் எழுதினான்: 'ஊர் எந்தப் பக்கம் போனாலும் சரி, நீங்கள் எங்கள் பக்கம் வரவேண்டாம்.'

சாரங்கபாணி சபதம் செய்தார். அந்த வீட்டுப் படியை அவர் மிதிக்க மாட்டார். பூமாவும் மிதிக்கக் கூடாது. அந்த வீட்டுப் பேச்சே இங்கே எடுக்கக் கூடாது. நாட்டுக்கு எல்லை வகுக்க டெல்லிக்கு வருஷக்கணக்காயிற்று. சாரங்கபாணி அரை நிமிஷத்தில் வகுத்துவிட்டார்.

கார்த்திகையில் வேங்கடலக்ஷ்மிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பூமா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நான் வளர்த்த பொண்ணுன்னா. தாலி கட்டறச்சே நான் பக்கத்துல நிக்க வேண்டாமா?"

"எல்லைன்னா எல்லைதான்."

பொங்கலுக்குப் பத்து நாள் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது. பிரிக்காமலே பரண்மேல் எறிந்தார். பூமா மறுபடி கேட்கவில்லை, அழவும் இல்லை. தாம் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்தார். இத்தனை பந்தய சரித்திரம் படித்தவர், பின்னால் வருகிற வண்டியின் சத்தம் திடீரென்று நின்றால் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆயிரம் மைல் பந்தயத்தில் மூழ்கியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மாஸ் என்ற இங்கிலீஷ்காரர் இத்தாலியில் ஜெயித்தது. மாஸ் ஓட்டினார். பக்கத்தில் தாடி வைத்த நண்பர் ஒருவர். பாதையின் ஒவ்வொரு வளைவையும் முன்னாலேயே போய்ப் பார்த்து, பதினெட்டடிக் காகிதச் சுருளில் எழுதி, சுருளை ஒரு பெட்டிக்குள் மாட்டி, உருட்டி உருட்டிப் படித்துக் கையால் ஜாடை காட்டினார். மேட்டுக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறதென்று மாஸுக்குத் தெரியாது. ஜாடையை நம்பிப் பறந்தார். பத்து மணி ஏழு நிமிஷத்தில் ஆயிரம் மைல்.

"எனக்கும் அப்படி ஒருத்தர் வேணும். திருப்பதியிலேருந்து சோழவரம் எழுபது மைல். நான் எப்பவும் ரயில்லயே போனவன், அந்த ரோடு எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வண்டியைக் காட்டலேன்னா பேரை அடிச்சுடுவா."

"நான் வரேன்" என்றாள் பூமா.

"நீயா?"

"தாடி ஒண்ணுதான் குறைச்சல்."

அவர் விதிகளை எழுதி அவளிடம் நீட்டினார். ஒரு விரல் காட்டினால் இடது. இரண்டு விரல், வலது. விரித்த கை, முழு வேகம். மூடிய கை, பிரேக். கடைசி விதியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்: ஓட்டுபவர் எக்காரணம் கொண்டும் ஜாடையைக் கேள்வி கேட்கலாகாது.

பூமா அந்த விதியை மட்டும் உரக்கப் படித்தாள். "இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்றாள். போட்டார்.

பாதையை முன்கூட்டிப் பார்க்க வேண்டுமே. மூன்று வெள்ளிக்கிழமைகள், காலையில் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறி, பென்சிலும் நோட்டுமாகப் போய் இருட்டுவதற்குள் திரும்பினாள். போகும்போது பை உப்பியிருக்கும். வரும்போது முகம் மலர்ந்திருக்கும். "புத்தூர் தாண்டி ஒரு வளைவு இருக்குன்னா, அப்படி ஒரு அழகு" என்பாள். கடமை உணர்ச்சி என்று சாரங்கபாணி நெகிழ்ந்தார். அடுப்படியிலிருந்த இரண்டு அப்பளக் குழவிகளை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மாட்டி, பதினெட்டடிச் சுருளையும் அவளே செய்துவிட்டாள்.

வண்டி விஷயத்திலும் யோசனை சொன்னாள்.

"கூரை எதுக்கு? வீண் கனம்."

"அதானே. பின் சீட்டையும் கழட்டிடறேன்."

"அது வேண்டாம். முன்னாடியே கனமா இருந்தா வளைவுல தூக்கி அடிக்கும். நீங்கதானே சொன்னேள்?"

சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடிய விஷயமாக இருந்தது. பின் சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் உறையும் வந்தது. வெல்வெட்டில் காற்று வழுக்கும் என்றாள். ஹாரனும் விளக்கும் புளி போட்டுத் துலக்கித் தங்கமாக மின்னின. இத்தாலிப் பந்தயத்தில் வண்டி புறப்படும் நேரமே அதன் நம்பர். சனிக்கிழமை எமகண்டம் மூன்று மணிக்கு முடிகிறதென்று பூமா சொன்னதால், கதவில் வெள்ளைப் பெயின்ட்டால் 300 என்று எழுதினார்.

மெக்கானிக் எத்திராஜ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.

"வண்டி ஜோரா கீது சாமி. எதுக்குன்னுதான் தெர்ல."

"ரேஸுக்குடா. சூடாகாம ஓடுமா?"

"ஓடிக்கினு இர்ந்தாலும் சூடாவும், நின்னுக்கினு இர்ந்தாலும் சூடாவும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சாமி."

சனிக்கிழமை மூன்று மணி அடித்தது. லெ மான் பந்தய முறைப்படி சாரங்கபாணி எதிர்வீட்டு வாசலிலிருந்து தெருவைக் குறுக்கே ஓடிவந்து வண்டிக்குள் குதித்தார். பஞ்சகச்சம் கதவுக் கைப்பிடியில் மாட்டியதில் ஒன்றரை நிமிஷம் போயிற்று. பூமா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் பெரிய டிரங்குப் பெட்டி.

"என்னது?"

"ஸ்பேர்."

கிளம்பினார்கள். அடடா, என்ன ஓட்டம். இரண்டு லாரியை முந்தினார். ஒரு பஸ் அவரை முந்தியது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பூமா குழவியை உருட்டினாள், விரல் காட்டினாள். இரண்டு விரல். விரித்த கை. மூடிய கை. அது எருமை. மறுபடி விரித்த கை. புத்தூர் தாண்டியபோது அவர் மாட்டியிருந்த பந்தயக் கண்ணாடியெல்லாம் செம்மண் புழுதி. முன்னால் ஒரு மேடு. அதற்கு அப்புறம் வானம்தான் தெரிந்தது. பூமா இரண்டு விரல் காட்டினாள். உடனே கையை விரித்தாள். வலது, முழு வேகம்.

ஒரு கணம் மனம் தயங்கியது. மாஸ் தயங்கினாரா? சாரங்கபாணி பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

வாழைமரம் கட்டிய வளைவு ஒன்று பாய்ந்து வந்தது. ஜனங்கள் இருபுறமும் ஒதுங்கினார்கள். பூமாவின் கை மூடியது. பிரேக் போட்டார். வண்டி நின்றது. நாதஸ்வரம் ஆரம்பித்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. எழுபது மைலை ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் முடித்திருக்கிறார். சோழவரத்தில் மேளதாளம் வைத்து வரவேற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நியாயம்தான் என்று பட்டது. யாரோ பானெட்டுக்கு மாலை போட்டார்கள். அடக்கமாகத் தலையை அசைத்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

எதிரே தோதாத்ரி நின்றான்.

"வாங்கோ அத்திம்பேர். சொன்ன நேரத்துக்கு வந்துட்டேள்."

"நீ எங்கே சோழவரத்துல?"

"இது நாராயணவனம் அத்திம்பேர். சாயங்காலம் ஜானவாசம், காலம்பற முகூர்த்தம். 'மாப்பிள்ளை ஊர்வலம் வரத் திறந்த கார் இருந்தாத்தான் ஜானவாசம், மாட்டு வண்டியில எங்க பையன் ஏறமாட்டான்'னு காஞ்சிபுரத்து சம்பந்தி ஒத்தைக் கால்ல நின்னுட்டார். ஜில்லா பூரா தேடினேன். எல்லாம் மூடின கார். அக்காதான் கவலைப்படாதேன்னா."

சாரங்கபாணி மனைவியைப் பார்த்தார். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஸ்பேர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். கூறைப்புடவை. வெள்ளிக் கிண்ணம். மாப்பிள்ளைக்கு வேஷ்டி.

"நான் சபதம் பண்ணியிருக்கேன் பூமா. இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

"மிதிக்க வேண்டாம். ஜானவாசம் தெருவுலதானே. நீங்க வண்டியிலயே இருங்கோ."

"நீயும் மிதிக்கக் கூடாது."

"நான் கொல்லை வழியா போய்க்கறேன். அங்கே படியே கிடையாது."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேங்கடலக்ஷ்மி, "அக்கா" என்றாள். பூமா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எந்தப் பந்தயத்தின் துவக்கத்திலும் அப்படி ஓர் ஓட்டத்தை அவர் படித்ததில்லை.

ஆனால் வீரன் எளிதில் பணிவதில்லை. ஏழு மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது. தனியாகவே போய்விடலாம். பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக் குழவியை உருட்டினார். நாராயணவனம், வாழைமர வளைவு, பிரேக். அதற்கு அப்புறம் வெள்ளை. மேலும் உருட்டினார். வெள்ளை. பதினொரு அடி சுத்தமான வெள்ளைக் காகிதம்.

சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்த பூமாவிடம் கேட்டார்.

"மூணு தடவை ஊத்துக்கோட்டைக்குப் போனியே, மீதி வழி எங்கே?"

"ஊத்துக்கோட்டை பஸ்ஸுல போனேன்னுதானே சொன்னேன். ஊத்துக்கோட்டைக்குப் போனேன்னு எப்போ சொன்னேன்? பந்தல்காரன், சமையல்காரர், நகை. ஒரு நாள்ல முடியற வேலையா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?"

"இந்த ஆத்துப் பேச்சே எடுக்கப்படாதுன்னேள்."

அதற்குள் பின் சீட்டில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை ஏறிவிட்டார். அவர் மடியிலும் தோளிலும் சக்கரத்துக்கு மேலும் பதினான்கு குழந்தைகள். வெல்வெட் மிருதுவாக இருக்கிறதென்று காஞ்சிபுரத்து சம்பந்தி ஒப்புக்கொண்டார். பூமா அந்தச் சொல்லைக் கேட்டு மூச்சு விட்டதை சாரங்கபாணி பார்த்தார். ஒரு மாசமாக அவள் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குமேல் கியரைப் போட்டுத் தப்பி ஓட அவருக்கு மனம் வரவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம். இருபுறமும் தலையில் காஸ் லைட் சுமந்த ஆட்கள். நடுவில் 300. முதல் கியரில், கால் நடுங்க, அரை அடி அரை அடியாக வண்டி நகர்ந்தது. ரேடியேட்டர் சீறியது. ஒரு வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு முழு ராகம். அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"சாமி, இவ்ளோ வேகம் வேணாம். தவுல் பின்னாடி நின்னுட்ச்சி."

பக்கத்து இருக்கையில், பூமாவின் இடத்தில், தோதாத்ரி சந்தனம் மணக்க உட்கார்ந்திருந்தான். சாரங்கபாணி இரண்டு தெரு நாதஸ்வரக்காரர் முதுகையே பார்த்து ஓட்டினார். மூன்றாவது தெருவில் தாங்கவில்லை.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைலேருந்து பத்தரை அத்திம்பேர்."

"ரேஸ் பத்து மணிக்கு. ஏண்டா, பஞ்சாங்கத்துல வேற நாளே அகப்படலையா உங்களுக்கு?"

"மாசியில நாலு முகூர்த்தம் இருந்தது அத்திம்பேர். அக்காதான் சோழவரம் ரேஸ் நோட்டீஸைப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்துல வெச்சுண்டு பார்த்துட்டு, இதைவிட நல்ல நாள் அமையாதுன்னு எழுதியிருந்தா."