சர்க்கரைப் பூனையும் மாற்றுப்பாதைப் பலகையும்

அன்பு மகளுக்கு, அப்பா தன் சொந்தக் கையால் எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனால் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில கீழ்வரியில் இருப்பதை எட்டி உதைக்கின்றன. நாற்பது வருடம் லாரி ஸ்டியரிங் பிடித்த கை பேனாவையும் அதே அழுத்தத்தில் பிடிக்கிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார், நான் எழுதியது அங்கேயும் தெரியும். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதும்படி, நான் இந்த வயதில் எழுத்துப் படிக்கப் போகும் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

அம்மாதான் போனில் எல்லாம் சொல்கிறாளே, இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என் கைக்கு வரும்போது ‘சாப்பிட்டியா’ என்று கேட்கத்தான் நேரம் மிச்சமிருக்கும். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. அது தனி சுகம் கண்ணு.

நீ சொன்னபடியே செய்து முடித்தோம். ‘அப்பா, உங்களுக்கு எழுபத்திரண்டு வயசு, கை நடுங்குது, பூனைக்கு ரெண்டு வேளை இன்சுலின் போடுறதெல்லாம் உங்களால ஆகாது, ஊசியில ஒரு கோடு மருந்து கூடிட்டா உயிருக்கே ஆபத்து’ என்று நீ சொல்லி, அதைக் கொண்டுபோய் விடுவதற்குப் பூனை வளர்க்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவரையும் ஏற்பாடு செய்தாய். ஏழு மாதமாக நான்தான் போடுகிறேன், ஒரு கோடும் தப்பவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். அப்போது போன் அம்மா கையில் இருந்தது. பூனைக்கு நீ வைத்த ‘சூப்பர்வைசர்’ என்ற பெயரை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. இனிமேல் பூனை என்றே எழுதுகிறேன், அதனிடம் சொல்லிவிடாதே.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஊசி போட்டு, அது சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் காரை இரவல் வாங்கி நானே ஓட்டிக் கிளம்பினோம். நல்ல கார்தான், இடது பக்கம் திருப்பினால் மட்டும் ஹார்ன் தானாக அடிக்கும், ஹார்ன் அடித்தால் பூனை அலறும், பூனை அலறினால் உன் அம்மா என்னைத் திட்டுவாள், ஆகவே ஒவ்வொரு இடது திருப்பத்திலும் மூன்று சத்தம். பின்சீட்டில் அம்மா, அவள் மடியில் கூடை, காலடியில் மருந்து வைத்த ஐஸ் பெட்டி, மணல் தட்டு, நான்கு துண்டு, பிளாஸ்க், தினமும் ஊசிக் கணக்கை நான் எழுதும் பூனையின் நோட்டு. பார்த்தவர்கள் வீடு மாறுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். எல்லாம் எடுத்துவைத்த அம்மா தன் மூக்குக்கண்ணாடியையும், பூனை டாக்டர் கட்டாயம் கொண்டுபோகச் சொன்ன தேன் பாட்டிலையும் பிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டாள். இதை அவள் போனில் சொல்லியிருக்க மாட்டாள்.

நர்ஸ் அம்மா ஊருக்குப் போகும் ரோட்டில் நான் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி வந்தால் இடது, பச்சை பெட்ரோல் பங்க் வந்தால் நேரே, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. இந்தத் தடவைதான் பலகைகளைப் பார்த்தேன். ‘வேகத்தைக் குறைக்கவும்’ என்றது ஒன்று, குறைத்தேன். ‘வளைவில் முந்தாதீர்’ என்றது, முந்தவில்லை. நாற்பது வருடமாக இத்தனை பேர் வழியெல்லாம் நின்று என்னிடம் பேசியிருக்கிறார்கள், நான் ஒரு பதிலும் சொல்லாமல் போயிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. நீளமான பலகை என்றால் காரை ஓரமாக நிறுத்திப் படித்து முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். பின்னால் வந்தவர்கள் சொன்னதை எழுத எனக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பலகை வந்தது. ‘பாதையில் வேலை நடக்கிறது. மாற்றுப்பாதையில் செல்லவும்.’ இடது பக்கம் அம்புக்குறி. திருப்பினேன், மூன்று சத்தமும் கேட்டது.

“ஏங்க, எல்லாரும் நேராத்தானே போறாங்க?” என்றாள் அம்மா.

“அவங்க படிக்காதவங்க” என்றேன்.

மாற்றுப்பாதை என்பது கல்குவாரிக்குப் போகும் வழி. பள்ளத்துக்கு நடுவே கொஞ்சம் ரோடு இருந்தது. அரைமணி நேரம் குலுங்கியதில் பூனை காலையில் சாப்பிட்ட அத்தனையையும் அம்மாவின் மடியில் திருப்பிக் கொடுத்துவிட்டது. அம்மா திட்டினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஐம்பது வருடத்தில் அவள் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“ஏங்க… குட்டிக்குக் கழுத்து நிக்கலங்க” என்றாள். வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

காரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். பூனை தலையைத் தொங்கப்போட்டு, எழுந்திருக்கப் பார்த்து, பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு வெளியே வந்துவிட்டது. டாக்டர் கொடுத்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அம்மாவிடம் நீட்டினேன்.

“கண்ணாடி இல்லையே, எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. நீங்க படிங்க!”

படித்தேன் கண்ணு. ‘தள்… ளா… டினால்…’

“சீக்கிரம்ங்க!”

“அவசரப்படுத்தாத. நீ கத்தினா எழுத்தெல்லாம் ஓடுது.”

‘தள்ளாடினால் உடனே தேன் அல்லது சர்க்கரைக் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவவும். வாயில் ஊற்றக் கூடாது. பிறகு டாக்டரிடம் கேட்காமல் அடுத்த ஊசி போடக் கூடாது.’ என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான வரியை நான் நிற்காமல் படித்ததில்லை.

“தேனுக்கு எங்க போறது? இந்தக் காட்டுல சர்க்கரை யாரு தருவா?” என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் சர்க்கரை வியாதி, உன் அம்மா எனக்குச் சர்க்கரை போடாத டீ தருகிறாள், நான் அதை முகம் கோணாமல் குடிக்கிறேன், அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள். நான் இறங்கி, என் சீட்டுக்கு அடியில் இருந்த என் ஸ்பேனர் பைக்குள் துணியில் சுற்றி ஒளித்துவைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துவந்தேன். அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எத்தனை வருஷமா?” என்றாள். “முதல்ல பூனை” என்றேன். பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து விரலால் தடவினேன். மறுபடியும் தடவினேன். பத்து நிமிடம் இருக்கும், என் விரலை நக்கியது. அப்புறம் கடித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் கடிபட்டதே இல்லை.

அந்த வழியாக வந்த டிப்பர் டிரைவர் ஒருவர் நிறுத்தி, “பெருசு, இந்தப் பக்கம் எங்க?” என்றார். பலகையைச் சொன்னேன். “அட, அது போன வருஷ வேலை. கீழ சின்ன எழுத்துல தேதி இருக்குமே, படிக்கலையா?”

“சின்ன எழுத்து எங்களுக்கு இன்னும் எடுக்கல” என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், ஆனால் ஊர் போய்ச் சேரும்வரை சொன்னாள்: “நாப்பது வருஷம் படிக்காம ஓட்டுனீங்க, ஒரு நாள் வழி தப்பல. படிச்சதும் தப்பிருச்சு.”

மூன்று மணி நேர வழியை எட்டு மணி நேரத்தில் கடந்து நர்ஸ் அம்மா வீட்டை அடைந்தோம். அவர் பூனையைச் சோதித்து, டாக்டருக்குப் போன் செய்து, அன்றைய ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். தங்கமான மனுஷி. கூடை, மருந்து, நோட்டு எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். பூனை எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, கோபம் போல. வருகிற வழியில் இடது திருப்பங்களில் ஹார்ன் மட்டும்தான் அடித்தது. மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். “என்ன தேடுறீங்க?” என்றாள் அம்மா. “தண்ணி” என்றேன். தண்ணீர்க் குடம் வேறு பக்கம் இருக்கிறது.

ஆகவே உன் விருப்பப்படி காரியம் நல்லபடியாக முடிந்தது. இனி பூனையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல், நீண்ட நாள் சேர்ந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை தொடங்கினேன், இன்று செவ்வாய். நான் எழுதும் வேகத்துக்கு உலகம் காத்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை, சின்ன எழுத்துப் பழகலாம் என்று டாக்டரின் தாளை எடுத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி இருந்தது: ‘முடிந்தவரை ஒரே ஆள், ஒரே நேரத்தில் ஊசி போடுவது நல்லது.’ எழுதியிருப்பதை மீற நான் யார்? அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். “போட்டிருக்குதான்” என்றாள். அடுத்த நிமிடம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். “காரைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. வழியில ஒரு பலகையையும் படிக்கக் கூடாது.”

மூன்று மணி நேரத்தில் போய்விட்டோம். நர்ஸ் அம்மாவின் இரண்டு கையிலும் கீறல். பூனை நான்கு நாளாக அலமாரிக்கு அடியிலாம். “உங்க நோட்டைப் பாத்தேன். வார்டுல நானே இவ்வளவு ஒழுங்கா எழுதினதில்ல. இதை எதுக்கு என்கிட்ட கொண்டுவந்தீங்க?” என்றார். பழியை உன் மேல் போட்டேன். ‘மகள் சொன்னாள்’ என்றேன், மன்னித்துக்கொள்.

சர்க்கரைப் பொட்டலம் இப்போது ஒரு டப்பாவில் இருக்கிறது. அதன்மேல் அம்மா ‘பூனைக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியட்டும் என்று பெரிய எழுத்தில்.

மேலே இருக்கும் கோணலெல்லாம் என்னுடையது. பின்குறிப்பில் இருக்கும் கோணல் உன் பூனையுடையது, பேனாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் கட்டாயம் எழுதுவேன். அதற்குள் அது தாளை விட்டு எழுந்திருக்க வேண்டும்.