தம்பி, இப்போதைக்கு வராதே

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உரமூட்டைகள் அடுக்கிய பின்புற அறையில் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டாரும், வீட்டுக்குள்ளேயே, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கீழ்த்தோட்டத்தை விற்பதுபற்றிப் பேச அடுத்த வாரம் வருவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வராதே. கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

நொடித்துப்போன எஸ்டேட் குடும்பத்தைப் பற்றி டிவி தொடர் எடுக்கிறோம் என்று வந்து நம் வீட்டைக் கேட்டார்கள். கூரையைச் சரிசெய்து கொடுப்பார்கள் என்ற நப்பாசையில் தலையாட்டி, வீட்டை விட்டுக்கொடுத்துப் பின்னறைக்குப் போய்விட்டேன். டைரக்டர் கூடத்தில் ஒழுகுகிற இடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சார், இதுக்காகத்தான் உங்க வீட்டைப் பிடிச்சோம், தொட்டுடாதீங்க” என்றார். இப்போது மழையில்லாத நாளில் ஓர் ஆள் கூரைமேல் ஏறிக் குழாயால் தண்ணீர் விடுகிறான். நமக்கு வெயில் காலத்திலும் ஒழுகுகிறது.

கதையில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணனாக நடிப்பவர் என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என்னைவிட எஸ்டேட்காரர் மாதிரி இருக்கிறார். போன வாரம் அவர் மரத்தடியில் நின்று, “இந்த மரமெல்லாம் இனி எதுக்கு? வெட்டித் தள்ளுங்க” என்று வசனம் பேசினார். சரியாக வரவில்லை என்று மறுபடி மறுபடி பேசவைத்தார்கள். நம் தோட்டத்து மேஸ்திரி பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள் காய்த்துக்கொண்டிருந்த ஆரஞ்சு மரங்கள் மூன்று வரிசை தரையில். “என்ன மேஸ்திரி இது” என்றால், “அவர் மூணு தடவை சொன்னாருங்க, அதான் மூணு வரிசை. நீங்க சொன்னா மறுநாள் வேண்டாம்பீங்க. அவர் உறுதியா சொன்னாரு” என்கிறார்.

அதுகூடப் போகட்டும். கதைப்படி தம்பி தோட்டத்தை விற்கச் சொல்லி அண்ணனைப் படியில் தள்ளிவிடுகிறான். தம்பியாக நடிப்பவர் பரம சாது, படப்பிடிப்பு ஆட்களுக்குச் சமைக்கிற உன் அண்ணிக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பவர். கடைத்தெருவில் சவரம் செய்யப் போனவரை, தொடர் பார்க்கிற முடிதிருத்துபவர் ஒரு கன்னம் மழித்ததோடு எழுப்பி அனுப்பிவிட்டார். அக்கா போனில் அழுகிறாள், “கூடப் பிறந்தவனையே தள்ளிவிட்டுட்டானே” என்று. அது நாடகம் அக்கா என்றேன். “எனக்குத் தெரியாதா? முழி அப்படியே சின்னவன் முழி” என்கிறாள். வாசல்காரர் நீ வந்தால் கேட்டைத் திறக்கமாட்டாராம்.

“அது கதைப்பா” என்றேன் அவரிடம்.

“கதைதான்யா. ஆனா நீங்க விழுந்தீங்களே.”

“விழுந்தது நடிகர்.”

“யார் விழுந்தா என்னய்யா, தள்ளினது தம்பிதானே.”

இதற்குமேல் நான் என்ன வாதாடுவது, சொல். எனக்கே இரண்டு நாளாக மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடப் பயமாக இருக்கிறது. தோட்டம் கடைசியில் விலைபோகிறதா, இல்லையா என்று கதை எழுதுகிறவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு பாத்துட்டு எழுதலாம்னு இருக்கோம் சார்” என்றார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நாம் பேசப்போவதை ஊரே டிவியில் பார்ப்பதா? அதனால் தொடர் முடியும்வரை நீ இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. விற்பதா வேண்டாமா என்பது அப்படியே கிடக்கட்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு, அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள். ஒரே குடும்பத்துக்கு இவ்வளவு கஷ்டம் வருமா, நம்பும்படி இல்லை என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்களாம். காலையில் எல்லோரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் அண்ணி பழக்கதோஷத்தில் முப்பது பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உடனே புறப்பட்டு வா. வாசல்காரர் திறக்காவிட்டால் நான் வந்து திறக்கிறேன்.